இருபத்துநாலரைப் பவுன்

மதியச் சாப்பாட்டு நேரம். கவுண்டரில் ஆள் இல்லை.
நகைக்கடன் தராசில் என் செருப்பை வைத்தேன்.
செருப்பு என்பது மதிப்பீட்டாளர் வைரவமூர்த்தியின் சொல்.
ஷூ. எலுமிச்சை நிறம். இடது கால்.
நூற்றுத் தொண்ணூற்றாறு கிராம்.
"இருபத்துநாலரைப் பவுன்" என்றார்,
கொக்கி எங்கே என்று பழக்கத்தில் திருப்பிப் பார்த்தபடி.

அடுத்தது வெள்ளை.
திருச்சிப் பல்மருத்துவர் ஒருவர்
நூற்றிருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு
முட்டி வலிக்கிறதென்று எனக்குத் தள்ளிவிட்டது.
இருபத்தாறரை.
"ரெண்டு பவுன் கூட. உள்ள கல்லு வச்சிருக்கா?"

கல் இல்லை, கார்பன் தகடு.
இரண்டிலும் உண்டு.
அகப்பைபோல வளைந்து
உள்ளங்காலுக்கும் தாருக்கும் நடுவே படுத்திருக்கும்.
நுரைதான் வேறு.
எலுமிச்சை, இப்போது இறக்கிய இட்லி.
வெள்ளை, நேற்றையது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் எலுமிச்சை.
பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தான் போய்த் திரும்ப.
ஜெராக்ஸ் கடை அடைக்கலம்
ஸ்கூட்டரில் பின்னால் வந்தான், கையில் கடிகாரம்.
பூட்டிய வீடுகளின் நீள மதில்களில்
என் காலடி பட்டுத் திரும்பியது,
டொக், டொக், வெற்றுப் பெட்டியைத் தட்டுவதுபோல.
நாய்கள் எழுந்தன. குரைத்தன.
நாற்பத்தெட்டு நிமிடம் ஆறு வினாடி.

சனிக்கிழமை வெள்ளை.
நாய்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று.

காசாளர் புத்தி சும்மா இருக்குமா?
விலை வித்தியாசம் ஒன்பதாயிரத்து ஐநூறு.
முப்பத்தைந்து வினாடியால் வகுத்தேன்.
வினாடிக்கு இருநூற்று எழுபத்தொரு ரூபாய்.
கண்ணை இமைக்கும் நேரத்துக்கு
ஒரு கிலோ ஆட்டுக்கறியில் மூன்றில் ஒரு பங்கு.

"ஆனா சிகப்பி,
நேத்து ரயில்வே கேட்டு போட்டிருந்தானே,
அப்ப நிறுத்தினேன் கடிகாரத்தை.
மறுபடி எப்ப தட்டினேன்னு…"
அடைக்கலம் தலையைச் சொறிந்தான்.
"நீ கொஞ்ச தூரம் போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."
எவ்வளவு தூரம்?
"அந்தப் பாலிடெக்னிக் போர்டு இருக்குல்ல. அதுவரைக்கும்."

என் முப்பத்தைந்து வினாடியும்
அந்தப் போர்டுக்கு இந்தப் பக்கமே
கொட்டிக் கிடந்தது.

அதனால் ஞாயிறு
இடதில் எலுமிச்சை, வலதில் வெள்ளை.
ஒரே காற்று, ஒரே கேட்டு, ஒரே மறதி.
இதைவிட நியாயமான சோதனை
உலகத்தில் யார் செய்திருக்கிறார்கள் என்று
இரண்டு கிலோமீட்டர் வரை பெருமை.
இடது கால் துள்ள, வலது கால் ஊன்ற,
சாலை வண்டிமாட்டு நுகம்போல் ஒரு பக்கம் சாய்ந்தது.
பால்காரர் வண்டியை ஓரங்கட்டி
"அடிபட்டிருச்சாம்மா?" என்றார்.
ஆறாவது கிலோமீட்டரில், ஊருணிக்கரையில்,
கெண்டை ஏறியது. வலது காலில்.
வெள்ளையின் குற்றம் என்று எழுதப் போனேன்.
வலதில்தான் எனக்கு எப்போதும் ஏறும்,
பழைய நீல ஷூவிலும், வெறுங்காலிலும்,
ஒருமுறை கல்யாணப் பந்தியில்கூட.
தண்ணீரில் ஏதோ மீன் துள்ளியது.
அதற்கு யாரும் தகடு வைக்கவில்லை.
கரையில் உட்கார்ந்து கட்டைவிரலை இழுத்துப் பிடித்தபடி
யோசித்தேன்: முன்னால் வந்த கால் எது?
இரண்டும் மாறி மாறி முன்னால்தான் வந்தன.

திங்கள் மதியம், மறுபடி தராசு.
எலுமிச்சை நூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
வைரவமூர்த்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"முப்பது வருசத்துல
சேதாரம் போக எடை கூடுற சரக்கை
இப்பத்தான் பார்க்குறேன்."

குப்பைக்கூடைமேல் தட்டினேன்.
செம்மண், ஒரு புல், நசுங்கிய எறும்பு.
மறுபடி வைத்தேன். எண்கள் தயங்கி நின்றன.
நூற்றுத் தொண்ணூற்றைந்து புள்ளி எட்டு ஆறு.

அவர் உரைகல்லை எடுத்து
சட்டைத் துணியில் துடைத்து
திரும்ப இழுப்பறையில் வைத்தார்.
வாசலில் ஒரு பெண், முந்தானை முடிச்சில் இரண்டு வளையல்.
ஷூவை மேசைக்கடியில் தள்ளினேன்.
போட்டிக்கு இன்னும் ஆறு நாள்.