மூன்று வெட்டு

தண்ணீர்த் தொட்டியின் வால்வில் கிடந்தது.
வேலிக்கம்பியால் ஆறு சுற்று கட்டி,
இரண்டு ஆரம், பழுத்த பல்லின் நிறம்,
ரெட் கிளிஃப்ஸ் வெயில் குடித்துக் குடித்து
ஏரிச் சேறாய் வெடித்த ஸ்டியரிங்.
மீட்டர் பார்க்கத்தான் போயிருந்தேன்.
அன்றைக்கு அந்த வீட்டின் அளவை
எழுதவே மறந்தேன்.

என் ஹோல்டன் அறுபத்து நான்காம் வருடத்து வண்டி.
கதவுப்பிடி, சாம்பல் கிண்ணம், வேகமானியின் முள் வரை
எல்லாம் அதோடு பிறந்தவை.
ஸ்டியரிங் மட்டும் யாரோ இடையில் மாட்டிய மரவளையம்,
சின்னது, பந்தயக்காரத் திமிரோடு.
அதைப் பிடித்து ஓட்டுவது
அடுத்தவர் பல்செட்டை வாயில் வைத்தது போலிருக்கும்.

பதினான்கு மாதம் தேடினேன்.
பல்லாரட் சந்தையில் வாங்கியது
முந்தைய மாடலுக்கானது, தண்டில் ஏறவில்லை.
அடிலெய்டில் ஒருவன்
நேற்று வார்த்ததை ஒரிஜினல் என்று சத்தியம் செய்தான்.
முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
அறுபது வருட வியர்வை அப்படி மணக்காது.

"விற்பதற்கில்லை," என்றார் லின்ட்னர்.
"அதைக் கழற்றினால் எதைத் திருப்புவேன்?"
நியாயம்தான்.
சனிக்கிழமை ஒரு டிராக்டர் சக்கரத்தோடு போனேன்,
இரும்பு, நான்கு ஆரம், என்னால் தூக்க முடியாத கனம்.
அவர் கம்பியை அறுத்தார். காசு வாங்கவில்லை.
பழையது லேசாகச் சுற்றும் என்று மட்டும்
இரண்டு முறை சொன்னார்.

வெடிப்பை அடைக்க
முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும்.
ரம்பத்தகடால் ஒவ்வொன்றையும் உள்ளிருக்கும் கம்பி வரை கீறி,
அழுக்கைச் சுரண்டி, எபாக்ஸி பிசைந்து அப்பி,
கொஞ்சம் மேடாகவே விட்டு, ஒரு நாள் காத்திருந்து,
உப்புத்தாள்: நூற்றெண்பது, நானூறு, எண்ணூறு.
தொடுமுன் எல்லாவற்றையும் படமெடுத்தேன்,
பக்கத்தில் ஓர் ஐந்து சென்ட் காசு வைத்து.
முப்பத்திரண்டு வெடிப்பு.
அதில் மூன்று, விளிம்பில், நேர்கோடாக இருந்தன.
எலி என்று நினைத்தேன்.
அடைத்துவிட்டேன்.

செவ்வாய் இரவு போன்.
"அதில் மூன்று வெட்டு இருக்குமே,
அரத்தால் நான் போட்டது?
முதல் வெட்டு எலுமிச்சைக்கு,
இரண்டாவது திராட்சைக்கு,
மூன்றாவது ஆட்டுத்தொட்டிக்கு.
இப்போது ஆடுகள் சேற்றில் நிற்கின்றன,
எலுமிச்சைக்கு வாய்கூட நனையவில்லை."

ஷெட்டுக்கு ஓடினேன்.
முட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தது.
வாழ்க்கையிலேயே நான் செய்த நல்ல வேலை.

பிறகு படங்கள் ஞாபகம் வந்தன.
பதினேழாவது, இருபதாவது, இருபத்தொன்றாவது.
"இடது ஆரத்திலிருந்து நாலு விரல்," என்றேன்.
"யார் விரல்?" என்றார்.
சென்டிமீட்டரும் உதவாது, அவர் சக்கரம் பெரியது.
மகளின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து
பாகைமானியை எடுத்தேன்.
சிமென்ட் தரையில் சாக்பீஸ் வட்டம்,
நடுவே ஆணி, ஆணியில் நூல்.
இருபத்தெட்டு பாகை. எழுபத்தொன்று.
மூன்றாவது நூற்றுப்பத்தா நூற்றுப்பன்னிரண்டா?
படத்தில் காசின் நிழல் விழுந்திருந்தது.
"நூற்றுப்பத்து," என்றேன், கொஞ்சம் பயந்துகொண்டே.

போனில் அரம் இரும்பைத் தின்னும் சத்தம்.
நெடுநேரம்.
அப்புறம் குழாய் இருமியது,
தண்ணீர் விழுந்தது.
"எப்படி?" என்றேன்.
"ஆட்டைத்தான் கேட்க வேண்டும்," என்று வைத்துவிட்டார்.

நாளை இரண்டாவது பூச்சு.
ஹார்ன் வளையம் இன்னும் கிடைக்கவில்லை.
அரைவட்டக் குரோமியம், நடுவில் சிங்கம்.
எங்கோ ஒரு கோழிக்கூட்டுக் கதவையோ
தக்காளிக் கொடியையோ அது தாங்கிக்கொண்டிருக்கலாம்.
பார்த்தால் சொல்லுங்கள்.
என்ன வேலையில் இருக்கிறது என்று
முதலில் எழுதிக்கொள்கிறேன்.