அழித்த தடம்

என் வாழ்வின் மிக உயரமான இடம்
எண்பத்தேழு.
அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ஏறினேன்.
அடுத்த திங்கள் தொண்ணூற்று நான்கு.
நடுவில் கிடைத்த ஏழு நாளில் நான்கு நாள்
பல்வலியோடு படுத்திருந்தேன்.
உச்சியிலிருந்து பார்த்தது
பல் மருத்துவர் அறையின் கூரையைத்தான்.

பதினான்கு வருடம் ஆடினேன்.
கணக்கு இருப்பது
வரித்துறையிடமும் என் இடத்தோளிடமும்.
பரிசுப் பணம் ரயில் சீட்டானது,
மட்டை நரம்பானது,
விடுதிகளில் ஆறிப்போன சூப்பானது.
மிச்சத்தில் ஒரு பழைய ஃபெலிசியா கார்.
அதன் இருக்கையெல்லாம் செம்மண்,
காலுறையில், காதுமடலில், பல்லிடுக்கில் செம்மண்.
ப்ளோவ்டிவில் என்னை முத்தமிட்டவன்
முகம் சுளித்து, "செங்கல்" என்றான்.
தப்பில்லை. அரைத்த செங்கல்தான் அது.

தகுதிச் சுற்று என்றால் என்னவென்று கேட்கிறார்கள்.
அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போய்
எந்த நாற்காலி காலியாகும் என்று
கதவோரம் நிற்பது.
நான் நன்றாக நிற்பேன்.

பலெர்மோ, ஜூலை.
தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், மூன்றாவது செட்,
ஐந்துக்கு ஆறு.
எதிரே மாலே என்ற எஸ்தோனியப் பெண்,
பத்தொன்பது வயது, வியர்க்கவே வியர்க்காதவள்.
அவள் அடித்த பந்து
என் பின்கோட்டருகே விழுந்து எழுந்தது.
"வெளியே" என்றார் நடுவர்.
அவள் கையுயர்த்தினாள்: தடத்தைப் பாருங்கள்.

நடுவர் பெரிய மனிதர்.
உயர்ந்த நாற்காலியிலிருந்து
படி படியாக இறங்கினார்.
அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.
தடத்துக்கும் கோட்டுக்கும் நடுவே
ஒரு தீக்குச்சி அகலத்துக்குச் செம்மண்,
யாரும் தொடாத செம்மண்.

காலணியால் அழித்தேன்.

தடத்தை நானே அழித்தால்
பந்து உள்ளே என்று நான் ஒப்புக்கொண்டதாகும்.
விதி அப்படி.
நடுவர் தொப்பியைத் தொட்டு வணங்கினார்.
மாலேவின் கை குளிர்ந்திருந்தது.
கூட்டம் எழுந்து நின்றது,
கூட்டம் என்றால் பதினோரு பேர்,
அவர்களில் ஒருவர் ஐஸ்கிரீம் விற்பவர்.

ஓபாவா நகரத்துப் பத்திரிகை
அரைப் பத்தி எழுதியது:
ஹெட்விகா மார்ஷாலிகோவா,
தோற்றும் தலைநிமிர்ந்தவர்.
நகராட்சி ஒரு கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தது.
"நேர்மைக்கு" என்று பொறித்திருந்தது.
மேயர் கை குலுக்குகையில்
தோள் வலியில் கண் கலங்கினேன்.
அதையும் எழுதினார்கள்.

இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன்.
கிண்ணம் ஜன்னலில்,
குழந்தைகளுக்கான சட்டங்களுக்குப் பக்கத்தில்.
தூசு தட்டும்போதெல்லாம்
அந்த இரவு எட்டு நாற்பது விமானம் நினைவுக்கு வரும்.
வியன்னா வழியாக வீடு.
வென்றிருந்தால் அதைத் தவறவிட்டிருப்பேன்.
முப்பத்தெட்டு டிகிரி வெயிலில்
இன்னொரு டியூஸ் வேண்டாம் என்று
என் கால் முடிவெடுத்தது.
என்னைக் கேட்கவில்லை.
அல்லது கேட்டது,
நான் மறுக்கவில்லை.

போன வியாழன் ஸ்மெட்கால் வந்தார்,
முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டியவர்.
கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தார்.
"என் மருமகன் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறான்,
உன்னைப் பற்றி அவனிடம் சொல்லப் போகிறேன்."
தாடையை இங்கே வையுங்கள் என்றேன்.

மேல் வரி படித்தார். நடு வரி படித்தார்.
கடைசி வரியில் கொஞ்சம் நிறுத்தி,
மூச்சு இழுத்து,
ஐந்தெழுத்தையும் ஒரே வீச்சில் சொன்னார்.

பொய் சொல்பவர்களை எனக்குத் தெரியும்.
எழுத்துக்கு முன்னால் அவர்கள் தோள் அசையும்.
"பார்த்தீர்களா, ஊகித்தீர்களா?"

"சரியா, தப்பா?
அதை மட்டும் சொல்."

சரிதான் என்றேன்.
ஐந்தும் சரி.