ஒன்னும் பண்ணாது

பொதட்டூர்பேட்டை தாண்டி
நகரி போகும் ரோட்டில் என் எடைமேடை.
கல் லாரி, கரும்பு லாரி, மாங்காய் லாரி,
எல்லாவற்றுக்கும் சீட்டு கொடுக்கிறவன் நான்.
எடை தெரியாமல் வளர்த்துவிட்டேன் என்று
சொல்லிக்கொள்ள வழியில்லை.

நகரியில் வாங்கும்போது ஒரு கையில் அடங்கியது.
ராட்வைலர். அப்பன் ஆத்தா படம் காட்டினார்கள்.
பண்டு என்று கூப்பிட்டார்கள், தெலுங்கில் பழம்.
அதையே வைத்துக்கொண்டோம்.
என் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்:
ஆடியில் பூஜ்யம் காட்டிய பண்டு
பொங்கலுக்கு முப்பது,
அடுத்த ஆடிக்கு ஐம்பது.

வாசலில் யார் தயங்கினாலும்
உள்ளேயிருந்தே குரல் கொடுப்பேன்:
"ஒன்னும் பண்ணாதுங்க, வாங்க."
சிலிண்டர் ஆளுக்கு, கரண்ட் ரீடிங் எடுப்பவருக்கு,
பந்து விழுந்துவிட்டதென்று நிற்கும் பையனுக்கு.
எவ்வளவு சுலபமான வாக்கியம்.
பயப்படுகிறவர் மேல்தான் தப்பு என்று
சிரித்துக்கொண்டே சொல்வது.

ஒரு செவ்வாய் சாயங்காலம்
கேட்டைச் சாத்த மறந்தேன்.
மறந்தேன் என்பதும் பாதி உண்மைதான்,
கொக்கி ஒரு மாதமாகவே தளர்ந்திருந்தது.
தறிக்கூடத்திலிருந்து கோகிலவாணி
திரும்பிக்கொண்டிருந்தாள்.
பண்டு கடிக்கவில்லை.
குரைக்கவும் இல்லை.
விளையாடத்தான் ஓடியது,
ஐம்பது கிலோவும்.
கீழே ஊன்றிய வலது கை
மணிக்கட்டில் முறிந்தது.
தார் சுற்றுகிற கை.

புத்தூர் கட்டுக்கு நானே கூட்டிப்போனேன்,
குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த
அதே ரோடு.
வழியில் மூன்று முறை சொன்னேன்,
"கடிக்கலையே."
மூங்கில் பத்தை வைத்துக் கட்டும்போது
பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கேட்டாள்:
"கடிச்சிருந்தா ஊசி போட்டுக்கிட்டு
நாளைக்கே தார் சுத்தப் போயிருப்பேன், இல்ல?"

ஆறு சனிக்கிழமை
அவள் கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பெருமை ஒன்றுமில்லை, கடன்.
கொக்கி மாற்றினேன்.
உள்ளே இன்னொரு கதவு வைத்தேன்.
அப்புறம்தான் காதில் விழுந்தது:
நான் உக்காரு என்கிறேன்,
மகன் சிட் என்கிறான்,
சித்தூர் டிரைவர்கள் கூர்ச்சோ என்கிறார்கள்.
நடுவில் நின்றுகொண்டே இருக்கிறது பண்டு.
இதைத்தான் இத்தனை நாள்
அடங்காத நாய் என்றோம்.
இப்போது வீடே அதனோடு தெலுங்கு பேசுகிறது.

விடியுமுன் நாலரைக்கு,
கல் லாரிகள் வருமுன் நடக்கிறோம்.
சட்டைப் பையில் வேகவைத்த கோழி ஈரல்.
வார் இறுகினால் நின்றுவிடுவேன்,
தளர்ந்தால் அடுத்த அடி.
முதல் நாள் வேப்பமரம் வரை போக
நாற்பது நிமிஷம்.

நாலு போடு போட்டால் தானாகப் படியும் என்றார்
குவாரி ஜெயவேலு.
பயத்தில் படிந்தது
பயம் தீருகிற அன்றைக்கு என்ன செய்யும்?
அவரே பின்னொரு நாள் வந்து
இதே மாதிரி ஒன்று வேண்டும்,
கேட்டில் கட்டிப்போட என்றார்.
காலையில் யார் நடத்துவார்கள் என்று கேட்டேன்.
"வாட்ச்மேன் இருக்கானே."
நகரிக்காரர் நம்பரில்
ஒரு எண்ணை மாற்றிக் கொடுத்தேன்.

தெலுங்கில் ஆகு என்றால் நில்.
குறுக்கே மாடு வந்தால், சைக்கிள் வந்தால்
மெதுவாகச் சொல்கிறேன்: ஆகு.
பண்டு நின்றுவிடுகிறது.
எனக்கு அது தமிழில் கேட்கிறது.
என்ன ஆக, யார் ஆக
என்று யோசித்தபடி
நானும் இருட்டில் நிற்கிறேன்.

நேற்று எதிரே கோகிலவாணி.
மணிக்கட்டு கொஞ்சம் கோணல்தான்.
பண்டு பார்த்தது. உடம்பெல்லாம் ஆடியது.
வார் இறுகவில்லை.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது
அந்தப் பழைய வாக்கியம்.
விழுங்கிவிட்டுச் சாக்கடை ஓரமாக ஒதுங்கினோம்.
அவள் ரோட்டைத் தாண்டி
எதிர்ப்பக்கமாகவே போனாள்.
போகட்டும்.
அவள் முனை திரும்பும்வரை,
கூர்ச்சோ, பண்டு.