நாலு, ஒன்பது, இருபத்தொன்று

விடிய ஐந்து பத்து.
லா ஷோ-டு-ஃபோனில் மைனஸ் பதினாலு.
வீட்டுக்காரன் இரவில் ஹீட்டரைக் குறைத்துவிடுவான்;
ஜன்னலின் உள்பக்கமே பனி பூத்திருக்கிறது.
பட்டனை அமுக்கினேன்.
விசிறி இரைந்தது, எழுத்துகள் வந்தன,
வெள்ளைப் புள்ளிகள் வட்டமாய்ச் சுற்றத் தொடங்கி
அரைச் சுற்றில்
பட்.
புகையில்லை, மன்னிப்புமில்லை.

போர்வைக்குள்ளிருந்து அகலியா கேட்கிறாள்:
"அம்மா, வந்திட்டுதா?"
எட்டே காலுக்கு வகுப்பில்
மார்மோட் பற்றிப் பேச வேண்டும் அவள்.
பன்னிரண்டு ஸ்லைடு, மூன்று வாரம்,
எல்லாம் இந்தப் பெட்டிக்குள்.
வேறெங்கும் சேமிக்கவில்லையா என்று
நான் கேட்கவில்லை.
கேட்டால் அழுவாள்.
அழுதால் எனக்குக் கை நடுங்கும்.

இன்னும் இரண்டு தரம் பார்த்துவிட்டு
ஓல்டனிலிருக்கும் சத்தியரூபனை எழுப்பினேன்.
"அக்கா, றாமைக் கழற்றி மாட்டுங்கோ."
பக்கத் தகரத்தைத் திறந்தேன்.
மஞ்சள் பல்வரிசையை அழிறப்பரால் தேய்த்தேன், ஊதினேன்,
இரண்டு காதும் க்ளிக்கென்று மடங்க அழுத்தினேன்.
பட்.
ஒன்றை மட்டும் வைத்தேன். பட்.
மற்றதை மட்டும். பட்.
"சேஃப் மோட்?"
அதுவரைக்கும் உயிரோடிருக்க வேண்டுமே தம்பி.
"அப்ப டிஸ்க் போயிட்டுது.
இல்லாட்டி போர்ட். இல்லாட்டி பவர் சப்ளை."
இல்லாட்டி, இல்லாட்டி என்று
கொட்டாவிக்குள் அவன் குரல் தேய்ந்தது.

நான் கம்ப்யூட்டர் படித்தவளில்லை.
பதினோரு வருஷமாய் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
ஓட்டம் பார்க்கிறவள்.
ஒரு நாளைக்கு எத்தனை செக்கன் முந்துது, எத்தனை பிந்துது,
கிடத்தினால் எவ்வளவு, நிமிர்த்தினால் எவ்வளவு.
காரணம் எழுத அங்கே எனக்கு இடமில்லை.
எண் மட்டும்.
அந்தப் பழக்கத்தில்
கரண்ட் பில்லின் பின்பக்கம்
ஒவ்வொரு சாவையும் குறித்திருந்தேன்:

நாலு செக்கன்.
ஒன்பது.
இருபத்தொன்று.
பிறகு, தகரத்தைத் திறந்து போட்டுவிட்டு
பல் தேய்த்துக்கொண்டிருந்த கால் மணி நேரம்.
பிறகு மறுபடி ஐந்து.
எட்டு.
பத்தொன்பது.

சாகச் சாக
கூடுதலாய் உயிரோடிருக்கிறது சனியன்.
விட்டுவைத்தால் திரும்பவும் முதலிலிருந்து.
சத்தியரூபா, உன் மூன்று இல்லாட்டிக்கும் வெளியே
ஒரு சாமான் இருக்கு:
குளிர்.

கீழ்வீட்டு மதாம் ஜன்னரே
கதவைத் திறக்க மணி ஆறு.
ஹெயார் டிரையர் கேட்டேன்.
என் தலையைப் பார்த்தா.
காய்ந்துதான் இருந்தது.
ஒன்றும் கேட்காமல் தந்தா.

போர்டின் ஓரத்தில் குட்டிக் குட்டிப் பீப்பாய்கள்.
இரண்டின் தலை லேசாய் உப்பியிருந்தது.
ஒரு சாண் தள்ளிப் பிடித்து, குறைந்த சூட்டில்,
அப்பளம் வாட்டுகிற கவனத்தில் காட்டினேன்.
டோர்ச் பிடித்தபடி அகலியா
தன் பேச்சைப் பிரெஞ்சில் ஒப்பித்தாள்:
நித்திரையில் அதன் இதயம்
நிமிஷத்துக்கு நாலைந்து தரம்தான் அடிக்கும்,
உடம்பு சூடேறி எழும்ப மணிக்கணக்காகும்...
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"என்னம்மா?"
ஒன்றுமில்லை, லைட்டை ஆட்டாதே.

ஆறு இருபத்திரண்டு. பட்டன்.
முப்பது. நாற்பது. வட்டம் முழுசாய்ச் சுற்றியது.
அறுபத்துமூன்றாவது செக்கனில்
பூனைப் படம் வந்தது, கடவுச்சொல் கேட்டது.
இருவரும் மூச்சு விடவில்லை,
விட்டால் குளிர்ந்துவிடும் என்பதுபோல.
பென் டிரைவை ஜாக்கெட்டின் உள்பைக்குள் போட்டு
இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திரையில் ஒரு துண்டு ஒட்டினேன்: அணைக்காதே.
வீட்டில் வாசிக்க ஆளில்லை.
அது எனக்குத்தான்.

தொழிற்சாலையில்
முதல் தட்டின் முதல் மணிக்கூடு
ஆறு செக்கன் பிந்தியது.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
அதை உள்ளங்கைக்குள்
கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தேன்.
பிறகும் ஆறுதான்.
ஆறு என்று எழுதினேன்.