ஏழைக் கழி

நன்முகைக்கு இரண்டு வயது.
காலண்டரில் ஐந்தரை மாதம்.
ஏழு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டதால்
கிளினிக் கணக்கில் நான்கு.

ரெலாவ் கிளினிக்கில் மிஸ்ஸி ரொஹானி
"நான் மூக்காய்" என்று பேர் கூப்பிட்டு
எடை போட்டு, தலையைச் சுற்றி நாடா பிடித்து
பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்.
புள்ளி கடைசிக் கோட்டுக்கும் கீழே
தனியாக உட்கார்ந்திருக்கும்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"தோலாக் தூஜோ மிங்கு" என்பார்.
ஏழைக் கழி. எதற்கும் ஏழைக் கழி.

எனக்குப் பாயான் லெப்பாஸில் ராத்திரி ஷிப்ட்.
நகத்தில் பாதி இருக்கும் சில்லுகளை
நுண்ணோக்கியின் கீழ் தள்ளித் தள்ளி
தேறியது ஒரு தட்டு
தேறாதது ஒரு தட்டு.
பதினோரு வருடத்தில்
ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதியதில்லை.
அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து
பிள்ளையைப் பார்க்கக் கூடாதென்று தெரியும்.
பார்க்கிறேன்.

தவமலர் மருந்துக்கடைக்குக் கிளம்பியதும்
நோட்டை எடுப்பேன்.
செவ்வாய்: என்னைப் பார்த்தாள்,
அல்லது என் பின்னால் இருந்த விளக்கை.
வெள்ளி: சிரிப்பு. வாயுவாகவும் இருக்கலாம்.
சனி: இடது கை வலது கையைக் கண்டுபிடித்தது.
இரண்டுக்கும் ஆச்சரியம்.
குப்புற விழுதல்: இல்லை.
இல்லை.
இல்லை.

பக்கத்து வீட்டு மேடம் கூய் லிப்டில் சொன்னார்,
தன் மகன் மூன்று மாதத்திலேயே புரண்டானாம்.
பதினாலாம் மாடியில் ஆரம்பித்து
ஒன்பதாவதில் முடித்துவிட்டார்.
மிச்சம் ஒன்பது மாடியும் நான் சிரித்தபடி இறங்கினேன்.

ஐந்தாம் படிவத்தில் படித்தது ஞாபகம் வந்தது:
செங்கீரை ஐந்தாம் மாதம்,
சப்பாணி ஒன்பதாம் மாதம்.
புலவர்களும் அட்டவணைதான் போட்டிருக்கிறார்கள்.
முருகனை யாரும்
இன்குபேட்டரின் ஓட்டை வழியாகக் கைவிட்டுத் தொடவில்லை.

புதன்கிழமை, பதினொன்று பத்து.
மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
ரப்பர் பாயில் கிடந்தவள் ஒரு காலைத் தூக்கினாள்.
இடுப்பு சாய்ந்தது.
கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.
உதவவில்லை நான்.
மூச்சுப் பட்டால் சில்லு நகர்ந்துவிடும்,
அப்படி நின்றேன்.

புரண்டாள்.

தலையைத் தூக்கித் தரையைப் பார்த்தாள்
இப்போதுதான் யாரோ கொண்டுவந்து போட்ட மாதிரி.
பிறகு திரும்பி வரத் தெரியாமல்
ஓவென்று அழுதாள்.

போனில் தவமலருக்கு எழுதினேன்.
அழித்தேன்.
முதல் சிரிப்பை அவள் வீடியோவில்தான் பார்த்தாள்,
கடை ஸ்டோர் ரூமில்
இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்று.
வாய்விட்டுச் சிரித்த முதல் சத்தமும் அப்படித்தான்,
அதுவும் லைன் விட்டு விட்டு.

மறுநாள் ராத்திரி, நான் வேலைக்குக் கிளம்பும் நேரம்,
பாயின் பக்கத்தில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு
ஒரு காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.
"ஏங்க! ஓடி வாங்க! ஐயோ, சீக்கிரம்!"
ஒற்றைச் சப்பாத்தோடு ஓடினேன்.
ஓடுவது மட்டும் பொய்யில்லை.
தரையில் முகத்தோடு முகம் வைத்து
குப்புறப் படுத்திருந்தார்கள் இருவரும்.
இரண்டு பேரும் அழுதுகொண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்,
"அது எப்படிங்க, பழகின மாதிரி புரள்றா?"
நான் இன்னொரு சப்பாத்தைத் தேடினேன்.
காலடியிலேயே கிடந்தது.

கிளினிக் புத்தகத்தில் வியாழன் என்று எழுதினேன்.
பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.
அன்றிரவு ஷிப்டில்
ஒரு தட்டுச் சில்லுகளை மூன்று தடவை பார்த்தேன்.

அடுத்த மாதம் மிஸ்ஸி ரொஹானி
தேதியில் விரல் வைத்து, ஏழைக் கழித்து,
"பாகுஸ்" என்றார்.
இன்னும் ஒரு நாள் கழிக்க வேண்டும் மிஸ்ஸி.
சொல்லவில்லை.
நன்முகை அவர் பென்சிலை எட்டிப் பிடித்திருந்தாள்,
விடுவதாக இல்லை.