மூன்றாவது நிறுத்தம்

ஏழாயிரம் ஃபோரிண்ட் கட்டினேன்.
வழிகாட்டிப் பையன் ஜோம்போர்
என் மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டையைக் கட்டினான்,
நாடி பார்க்கிறவன் போல அவ்வளவு மெதுவாக.
"ஐந்து பார். ஐந்து கோப்பை இலவசம்.
யாரும் தொலையக் கூடாது."
இருபத்திரண்டு பேரில்
எனக்கு மட்டும் ஐம்பத்தொன்பது வயது.

புடாபெஸ்ட்டின் ஏழாம் வட்டாரத்தில்
முப்பத்தொரு வருஷமாகக் குடியிருப்பவள்
சுற்றுலாக் கூட்டத்தில் சேரக் கூடாதென்று
சட்டம் எதுவும் இல்லை.
பார்த்துவிட்டேன்.
சட்டங்களுக்குப் பிழைதிருத்துவதுதான் என் வேலை.

நகராட்சிக்கு எழுதிய மனுக்கள் பதினேழு.
பதில் வந்தது இரண்டுக்கு.
இரண்டிலும் என் பெயரில் எழுத்துப் பிழை.
அதற்குப் பிறகுதான் ஜாடியை எடுத்தேன்:
இரவு பதினொன்றே முக்காலுக்கு
விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே
குளிர்ந்த தண்ணீர், இரண்டு லிட்டர்.
ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள்.
நான் உலையையே கவிழ்த்துப் பார்த்தேன்.

முதல் பாரில் பிளம் பாலிங்கா.
தொண்டைக்குள் யாரோ தீக்குச்சி உரசினார்கள்.
லீட்ஸிலிருந்து வந்த கல்லம்
அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை;
நண்பர்கள் அவனுக்குக் கோழி வேஷம் போட்டிருந்தார்கள்.
அலகு இடிக்கிறதென்று
தலையைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தான்.
க்ரெனோபிள்காரி மாயெல் தனியாக வந்திருந்தாள்.
ஏனென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
என் கோட்டில் பொத்தான் ஒன்று
ஒற்றை நூலில் தொங்குவதை அவள்தான் பார்த்தாள்.
பிய்த்து என் பைக்குள்ளேயே போட்டாள்.

இரண்டாவது, இடிந்த கட்டடத்து முற்றம்.
கூரைக்குப் பதில் குடைகள்,
உட்காரக் குளியல் தொட்டி.
"இதே இடத்தில்தான் எனக்குக்
கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள்" என்றேன்.
கைதட்டினார்கள்.

"எந்த ஊர் நீங்கள்?" என்று கேட்டது கோழி.
"மேலே" என்றேன்.
விரலாலும் காட்டினேன்.
சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டு
என்னைக் கட்டிப்பிடித்தான்.
உடம்பெல்லாம் மஞ்சள் இறகு.

மூன்றாவதற்கு முன்னால்
தெருமுனையில் ஜோம்போர் எங்களை நிறுத்தினான்.
முதல் மாடி ஜன்னலைக் காட்டினான்.
விளக்கை அணைக்க மறந்திருக்கிறேன்.
திரைச்சீலை இவ்வளவு அழுக்கா?
கீழே நின்று பார்த்தால்தான் தெரிகிறது.

"அங்கே ஒரு அம்மா இருக்கிறார்.
விடியற்காலை வேலைக்குப் போகிறவராக இருக்கலாம்.
உடம்பு சரியில்லாதவராக இருக்கலாம்.
முகத்தைப் பார்த்ததில்லை.
தண்ணீர் ஊற்றுவார், குறி தப்பாது.
போன வாரம் என் போன் போயிற்று.
இங்கிருந்து கதவு வரைக்கும்
நாற்பதடி. பூனை மாதிரி."

இருபத்திரண்டு பேரும் பூனையானோம்.
கல்லம் அலகைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினான்.
ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.
மாயெல் என் முழங்கையைப் பிடித்தபடி
காதோரம் சொன்னாள்:
"பாவம், தூங்கட்டும்."
நான் தூங்க வேண்டுமென்று
என் ஜன்னலுக்குக் கீழே
நானும் நுனிக்காலில் நடந்தேன்.

கதவு சாத்தியதும்
கூச்சல் கூரையைப் பிளந்தது.
அந்தக் கூரைதான் என் வீட்டுத் தரை.
நானும் கத்தினேன்.
என்ன கத்தினேன் என்று நினைவில்லை,
இலக்கணப் பிழை இருந்திருக்காது.

நான்காவதற்குப் போகவில்லை.
கூட்டம் கழிப்பறைக்கு வரிசை கட்டியபோது
பின்வாசல் வழியே படியேறினேன்.
ஷூவைக் கழற்றக் குனிந்தால்
அறை ஒருபக்கம் சாய்ந்தது.
வெளியே ஜோம்போர் எண்ணுவது கேட்டது.
இருபத்தொன்று.
மறுபடியும் இருபத்தொன்று.
பிறகு என் பெயரைக் கூப்பிட்டான்,
மேலே இருக்கிற அம்மா எழுந்துவிடாதபடி
குரலைத் தாழ்த்தி:
"பிரோஷ்கா... பிரோஷ்கா..."

ஜன்னலைத் திறந்தேன். கையில் ஜாடி.
தெரு சிதறி ஓடியது.
கோழி ஒரு சைக்கிளின் மேல் விழுந்தது.
ஆரஞ்சுப் பட்டை கட்டிய கையை
விளக்கு வெளிச்சத்தில் நீட்டிக் காட்டிவிட்டு
ஜாடியை வாயில் வைத்து
மடக் மடக்கென்று குடித்தேன்,
பாதி தண்ணீர் கழுத்தில் வழிய.

கீழே வெகுநேரம் சத்தமே இல்லை.
பிறகு ஒரு குரல், மிகத் தாழ்வாக:
"இருபத்திரண்டு."