இடது கீழறை, முன் சுவர்

பச்சை பிளாஸ்டிக் வாளியில் வந்தது,
ஃபார்மலினில் பாதி மிதந்து.
கைப்பிடியில் நூல், நூலில் சீட்டு:
ஜக்கம்மாள், 41, ஏலத்தோட்டக் கூலி.
இறந்த இடம் கம்பம்மெட்டுச் சாலை,
நாலாம் வளைவு, ஓடும் ஜீப்.
காரணம் என்ற கட்டத்தில்
ஏட்டையா ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்,
அதுவும் பென்சிலில்.

எடை முந்நூற்றுப் பத்து கிராம்.
மீரான் ரொட்டி நறுக்குவதுபோல் நறுக்கினான்.
முன் சுவரில் ஓரிடம் மட்டும் வெளுத்த களிமண் நிறம்.
அங்கிருந்து இரண்டு துண்டு, பக்கத்தில் ஒன்று.
மெழுகு, கத்தி, வெந்நீர்த் தொட்டி,
நீலச் சாயம், பிறகு இளஞ்சிவப்பு.
மூன்றாம் நாள், தயிர்சாதத்தைத் திறக்கும் முன்
கண்ணாடியை லென்சுக்கு அடியில் தள்ளினேன்.

மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.
நல்லாத்தான் இருந்தா, திடீர்னு சாஞ்சிட்டா:
இது கங்காணி.
செக்போஸ்ட் தாண்டி இறங்கின பிறகுதான்:
இது டிரைவர், இரண்டு முறை.
மேலே என்றால் கேரளா போலீஸ்,
கீழே என்றால் நாம்.

உயிருள்ள இதயத்தசையில் குறுக்கே கோடு ஓடும்,
மிக மெல்லியதாக, கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும்.
இங்கே எவ்வளவு சுருக்கியும் இல்லை.
உட்கருக்கள் போய்விட்டன.
இழைக்கு இழை நடுவே வெள்ளணுக்கள்,
இழவுக்கு வெளியூர் சனம் வந்து சேர்ந்ததுபோல.
அவை சொன்னவுடன் வருவதில்லை.
முதல் ஆள் வரவே அரைநாள் பிடிக்கும்,
இத்தனை கூட்டம் கூட
ஒரு நாளுக்கும் மேல்.

விரல் மடக்கிப் பின்னால் எண்ணினேன்.
புதன் மாலை ஐந்தரைக்குச் சாய்ந்திருக்கிறாள்.
புதன் விடியலில் பதினேழு பேரோடு ஜீப் ஏறியிருக்கிறாள்.
செவ்வாய் ராத்திரி சோறு வடித்திருப்பாள்.
செவ்வாய் காலை பத்தோ பதினொன்றோ,
ஏலத்தூருக்குள் குனிந்து காய் எடுக்கையில்
இந்தச் சுவர் செத்தது.
மிச்ச இதயம் அவளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு
அந்தப் பகலை முடித்து, ராத்திரியைக் கடந்து,
மறுநாள் கூலிக்கும் போயிருக்கிறது.

இறந்தது கீழே.
சாகத் தொடங்கியது மேலே.
ஃபாரத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

சீட்டின் பின்பக்கம் உடைமைகள்:
சில்வர் தூக்கு ஒன்று, ரப்பர் செருப்பு ஒற்றை,
முந்தி முடிச்சில் பச்சை ஏலக்காய் ஆறு,
வாயு மாத்திரை அட்டை,
பத்தில் நாலு காலி.
யார் கொடுத்தது என்று எழுதவில்லை.

அவள் வயது நாற்பத்தொன்று.
நான் எழுத வேண்டிய வயது வேறு:
தசை நசிவு, ஒரு நாள், கூடினால் ஒன்றரை.
எழுதினேன். மையில்.

வாளியைக் கழுவிடவா மேடம் என்றான் மீரான்.
வேண்டாம், மூடியை மட்டும் இறுக்கிப் போடு.
இரண்டாவது கண்ணாடியை மறுபடி வைத்தேன்.
உட்புற ஓரத்தில், செத்ததை ஒட்டி,
கோடு அழியாத
நாலைந்து இழைகள்.